எல்லை நிலத்தை அளக்கும் ஜிபிஎஸ்... துருவத்திலிருந்து தப்பி ஓடும் ஆக்சிஜன்: ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பாலக்காடு பக்கம் வந்தால் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். வீடு ஒரு மாநிலத்தில், தென்னந்தோப்பு இன்னொரு மாநிலத்தில் என்று வாழ்கிறவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். 2022 நவம்பர் 1ஆம் தேதி கேரள அரசு 'எண்டெ பூமி' என்ற பெயரில் டிஜிட்டல் மறு நில அளவையைத் தொடங்கியபோது, இந்த எல்லையோர ஊர்களில் பதற்றம் கிளம்பியதற்குக் காரணம் அதுதான். தமிழக விவசாய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, விவகாரம் தமிழக அரசு வரை போனது. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது போட்ட கோடு, மலையிலும் காட்டிலும் எந்த மரத்துக்கு இந்தப் பக்கம் வருகிறது என்பது இன்னும் பல இடங்களில் வாய்ப்பேச்சாகத்தான் இருக்கிறது.

இந்த முறை அளப்பது சங்கிலியோ டேப்போ இல்லை. ஒரு நீளமான கம்பு, அதன் உச்சியில் காளான் மாதிரி ஒரு ஆன்டெனா. இதற்கு ரோவர் என்று பெயர். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, நிற்கும் இடத்தை சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். நம்ம போன் மேப் காட்டும் நீல நிறப் புள்ளி சில மீட்டர் தள்ளி நின்றால் நாம் கண்டுகொள்வதில்லை. நில அளவையில் அப்படி விட முடியாது. சில மீட்டர் என்றால் ஒரு வரிசைத் தென்னை.

சரி, அந்த சென்டிமீட்டருக்கு வேட்டு வைக்கக்கூடியது எது? மரங்கள், பாறைச் சரிவு என்று தரையில் சில இருக்கின்றன. மேலே ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோளுக்கும் ரோவருக்கும் நடுவில் உள்ள அயனி மண்டலம். அதை உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்றால், இடுக்கியிலிருந்து நேராக வட துருவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே கிளம்பும் சரக்கு ஒன்று, புயல் நாட்களில் நம்ம தலைக்கு மேலே வந்து நிற்கிறது.

சிக்னலை யார் தாமதப்படுத்துகிறார்கள்?

தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கி 1,000 கிலோமீட்டர் வரை, சூரியனின் புற ஊதாக் கதிர் காற்றணுக்களை அடித்து எலெக்ட்ரானைப் பிய்த்து எடுத்துவிடுகிறது. எலெக்ட்ரானை இழந்த அணு, அயனி. இரண்டும் கலந்து மிதக்கும் பகுதிதான் அயனி மண்டலம். ரொம்ப அடர்த்தியான இடத்திலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் எலெக்ட்ரான் அளவுதான். தரைமட்டக் காற்றோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட வெற்றிடம்.

ஆனால் ரேடியோ அலைக்கு இதுவே போதும். செயற்கைக்கோளிலிருந்து ரோவர் வரை ஒரு சதுர மீட்டர் குறுக்களவில் ஒரு குழாய் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் மொத்த எலெக்ட்ரான் எண்ணிக்கையை 'டெக்' என்று சொல்வார்கள். ஒரு டெக் அலகு கூடினால், சாதாரண ஜிபிஎஸ் அலைவரிசையில் 16 சென்டிமீட்டர் பிழை. நம்ம பகுதியில் சூரியன் தீவிரமாக இருக்கும் வருடங்களில் மதிய நேரத்தில் 60 அலகு என்பது பெரிய விஷயமே இல்லை. கணக்குப் போட்டால் சுமார் 10 மீட்டர். போனுக்குள் இருக்கும் ஒரு எளிய கணித மாதிரி இதில் பாதியளவைத்தான் சரிசெய்யும்.

நில அளவை ரோவர் வேறு வழியில் தப்பிக்கிறது. இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையான ஸ்டேஷன்கள் கேரளா முழுக்க 28 இடங்களில் அமைக்கப்பட்டன. ஸ்டேஷனும் ரோவரும் ஒரே நேரத்தில் ஒரே செயற்கைக்கோளைப் பார்க்கின்றன. ரெண்டுக்கும் பொதுவான பிழை கழிந்துவிடும். இந்த முறைக்கு ஆர்டிகே என்று பெயர். இதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஸ்டேஷனுக்கு மேலே உள்ள அயனி மண்டலமும், ரோவருக்கு மேலே உள்ள அயனி மண்டலமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற நம்பிக்கை. அமைதியான நாளில் அது சரி. புயல் நாளில் சரியில்லை.

எல்லா அயனியும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் 'அயனிக் கலவை' என்ற விஷயம் வருகிறது. கீழே, 150 கிலோமீட்டர் வாக்கில், நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜன் மூலக்கூறு ஆகியவற்றின் அயனிகள் அதிகம். 200 கிலோமீட்டருக்கு மேலே ஒற்றை ஆக்சிஜன் அணுவின் அயனி ஆட்சி செய்கிறது. இன்னும் மேலே, பல நூறு கிலோமீட்டர் தாண்டினால், எடை குறைந்த ஹைட்ரஜன், ஹீலியம் அயனிகள் கையோங்கும்.

கலவை ஏன் முக்கியம்? மூலக்கூறு அயனிகள் எலெக்ட்ரானைப் பார்த்தவுடனே பிடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒற்றை ஆக்சிஜன் அயனி அப்படி இல்லை, மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சூரியன் இறங்கிய பிறகும் நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் மிச்சமிருக்கிறது என்றால் அது ஆக்சிஜன் அயனியின் தயவு. ஆக, எத்தனை அயனி என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்த அயனி என்பதும் தெரிய வேண்டும்.

500 கிலோமீட்டர் உயரத்தில் இதை எப்படி எடை போடுவது? தராசு என்னவோ எளிமையானதுதான், அழகானதும்கூட. வாளையாரில் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது, ஒரே வேகத்தில் வரும் ஒரு சைக்கிளும் ஒரு லோடு லாரியும் மிதிப்பதையும் இன்ஜினையும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? சைக்கிள் சீக்கிரம் நின்றுவிடும். லாரி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் பார்வையில் எல்லா அயனியும் அதே வேகத்தில் எதிரே வந்து மோதுகின்றன. கருவியின் வாயில் கம்பி வலைகளை வைத்து, அதில் எதிர்ப்பு மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். 0.3 வோல்ட் வாக்கில் ஹைட்ரஜன் அயனி நின்றுவிடும். 1.2 வோல்ட்டில் ஹீலியம். ஆக்சிஜன் அணுவை நிறுத்த 5 வோல்ட் அளவு வேண்டும், மூலக்கூறுகளுக்கு 9 வோல்ட் வாக்கில். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே, உள்ளே வரும் மின்னோட்டம் எந்தெந்தப் படியில் சரிகிறது என்று பார்த்தால் கலவை கையில் வந்துவிடும். இந்தக் கருவிக்கு ஆர்பிஏ என்று பெயர்.

இந்தியா இதைச் செய்திருக்கிறது. 1994 மே 4ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏஎஸ்எல்வி ராக்கெட்டில் போன ஸ்ராஸ்-சி2 என்ற சின்ன செயற்கைக்கோளில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்பிஏ இருந்தது. 430 முதல் 630 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, இந்தியாவுக்கு மேலே உள்ள அயனிகளை வருடக்கணக்கில் எடை போட்டது. சந்திரயானுக்குக் கிடைத்த கைத்தட்டலில் நூறில் ஒரு பங்கு இதற்குக் கிடைக்கவில்லை, அது வேறு கதை. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 46 டிகிரி மட்டுமே சாய்ந்திருந்தது. அதனால் துருவத்தை அது பார்த்ததே இல்லை.

துருவத்தில் அப்படி என்ன விசேஷம்?

பூமியின் காந்தக் கோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தென் தமிழகம், தென் கேரளா பகுதியில் இவை கிட்டத்தட்ட தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. காந்த நடுக்கோடு இந்தப் பக்கம்தான் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதற்குக் காரணமே அதுதான். மின்னேற்றம் கொண்ட துகள் காந்தக் கோட்டின் வழியே சுலபமாக ஓடும், குறுக்கே நகர்வது கஷ்டம். அதனால் பாலக்காட்டுக்கு மேலே உள்ள ஒரு அயனி நேராக மேலே ஏறித் தப்பிக்க முடியாது. கயிறு கட்டிய மாடு மாதிரி.

துருவத்தில் நிலைமை தலைகீழ். கோடுகள் செங்குத்தாக எழுந்து, திரும்பி வராமல் விண்வெளிக்குள் வெகுதூரம் நீண்டுவிடுகின்றன. திறந்த கதவு. எடை குறைந்த எலெக்ட்ரான்கள் முதலில் மேலே பறக்கப் பார்க்கும். அவை விலகும்போது, பின்னால் நிற்கும் நேர்மின் அயனிகளை இழுக்கும் ஒரு மெல்லிய மின்புலம் உருவாகும். இந்த இழுப்பில் ஹைட்ரஜன் அயனிகள் ஒலியை மிஞ்சும் வேகத்தில் துருவத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று 1968இல் பேங்க்ஸ், ஹோல்சர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். துருவக்காற்று என்ற பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த சில வருடங்களில் செயற்கைக்கோள்கள் அந்தக் காற்றைப் பார்த்தும்விட்டன.

ஆனால் அந்த மின்புலத்தை அளக்க 54 வருடம் ஆனது. அவ்வளவு பலவீனமானது அது. 2022 மே 11 அன்று நாசாவின் எண்டூரன்ஸ் ராக்கெட், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் உள்ள நி-ஓலசுண்ட் என்ற குட்டி ஊரிலிருந்து கிளம்பி 768 கிலோமீட்டர் வரை போய்விட்டுத் திரும்பியது. 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. மொத்த மின்னழுத்த வித்தியாசம் 0.55 வோல்ட். கைக்கடிகார பேட்டரியில் பாதிகூட இல்லை! ஆனால் ஹைட்ரஜன் அயனிக்கு இது புவியீர்ப்பைவிட 10.6 மடங்கு பலமான இழுப்பு. (அதே ஊரில்தான் இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரியும் 2008 முதல் இயங்குகிறது.)

இப்போது ஆக்சிஜனுக்கு வருவோம். பூமியை விட்டு முழுதாகத் தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஹைட்ரஜனுக்கு அது 0.65 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான். துருவத்து 0.55 வோல்ட்டே கிட்டத்தட்ட வேலையை முடித்துவிடும். ஆக்சிஜன் 16 மடங்கு கனம், அதற்கு 10 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 0.55 வோல்ட்டை வைத்துக்கொண்டு அது வெளியே போக முடியாது. மேல் படிக்கட்டு வரை ஏறி நிற்க மட்டும் அந்த மின்புலம் உதவுகிறது. அமைதியான நாளில் ஆக்சிஜன் தங்கும் உயரத்தை அது கணிசமாகத் தூக்கிவிடுகிறது என்பதும் எண்டூரன்ஸ் சொன்ன செய்திதான்.

அதனால் 1960களில் எல்லோரும் ஆக்சிஜனை மறந்துவிட்டார்கள். பூமியைச் சுற்றிய காந்த மண்டலத்தில் உள்ள ஆற்றல்மிக்க துகள்கள் எல்லாம் சூரியனிலிருந்து வந்தவை, அதாவது பெரும்பாலும் ஹைட்ரஜன், என்பதுதான் பாடப்புத்தகம்.

பாடப்புத்தகம் எப்போது மாறியது?

1971இல் ஏவப்பட்ட ஒரு அமெரிக்கத் துருவச் செயற்கைக்கோள், 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அயனிகளை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி ஒன்று இருந்தது. அந்த டிசம்பரில் வந்த காந்தப் புயலின்போது, மேலிருந்து கீழே பாய்ந்துவரும் துகள்களில் ஆக்சிஜன் அயனிகள் ஏராளமாக இருப்பதை அது காட்டியது. ஷெல்லி, ஜான்சன், ஷார்ப் ஆகியோர் 1972இல் இதை வெளியிட்டார்கள். சூரியக்காற்றில் ஒற்றை மின்னேற்ற ஆக்சிஜன் அயனி அனேகமாகக் கிடையாது. அது பூமியின் முத்திரை. பூமியின் காற்றே மேலே போய், ஆற்றல் ஏற்றப்பட்டு, திரும்பி வந்து அடிக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு துருவத்தின் மேல் அயனி மண்டலத்தைப் பார்ப்பதற்கென்றே செயற்கைக்கோள்கள் போயின. 1981இல் நாசாவின் டைனமிக்ஸ் எக்ஸ்புளோரர்-1, துருவத்தின் பகல் பக்கத்தில் ஒரு சிறு பகுதியிலிருந்து அயனிகள் நீரூற்று போலப் பீய்ச்சுவதைக் கண்டது. 1989 பிப்ரவரியில் ஜப்பான் அனுப்பிய அகெபோனோ, 10,000 கிலோமீட்டர் உயரம் வரை ஏறி இறங்கும் நீள்வட்டப் பாதையில் 2015 வரை, 26 வருடம் ஓடியது. அதில் கனடாவின் அயனி எடைக் கருவி இருந்தது. சூரியன் அடங்கிய வருடங்களிலும் கொந்தளித்த வருடங்களிலும் எந்த அயனி எவ்வளவு வெளியேறுகிறது என்று ஒரே செயற்கைக்கோளால் ஒப்பிட முடிந்தது அபூர்வமான வாய்ப்பு. பொதுவாகத் தெரியவந்தது இதுதான்: ஹைட்ரஜன் வெளியேற்றம் ஓரளவு நிதானமானது. ஆக்சிஜன் அப்படி இல்லை. காந்தப் புயல் வந்தால் அது பல மடங்கு எகிறும். துருவ ஒளிப் பகுதியில் கொட்டும் எலெக்ட்ரான்களும் மின்காந்த அலைகளும் ஆக்சிஜனைச் சூடேற்றி, மீதி ஆற்றலைக் கொடுத்துவிடுகின்றன.

ஒரு சிக்கலும் இருந்தது. ரொம்ப உயரத்தில், வெயிலில் குளிக்கும் செயற்கைக்கோளின் உடம்பே சில வோல்ட் நேர்மின்னேற்றம் அடைந்துவிடும். ஒரு வோல்ட்கூட ஆற்றல் இல்லாத குளிர்ந்த அயனி அதன் அருகில் வரும்போதே தள்ளிவிடப்படும். கருவி கதவைத் திறந்து வைத்திருக்கிறது, விருந்தாளி வாசலிலேயே விரட்டப்படுகிறார் என்ற கதை. 1996இல் போன போலார் செயற்கைக்கோளில் செனான் வாயுவை அயனியாக்கி வெளியே விட்டு, உடம்பின் மின்னேற்றத்தைத் தணித்தார்கள். ஐரோப்பாவின் கிளஸ்டர் செயற்கைக்கோள்களை வைத்து ஸ்வீடன் விஞ்ஞானிகள் இன்னும் சாமர்த்தியமாக யோசித்தார்கள். படகின் பின்னால் நீர் விலகுவதைப் போல, செயற்கைக்கோளின் பின்னால் அயனிகள் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத அயனிகளைக் கணக்கிட்டார்கள். முன்பு நினைத்ததைவிட நிறையவே குளிர்ந்த அயனிகள் வெளியேறுவது 2009இல் தெரியவந்தது.

மொத்தத்தில் பூமி ஒரு நாளைக்கு சுமார் 90 டன் காற்றை விண்வெளிக்கு இழக்கிறது என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சொல்கிறது. பயப்பட வேண்டாம். நம் வளிமண்டலத்தின் எடையை இதனால் வகுத்தால் 10,000 கோடி வருடத்துக்கு மேல் வரும். மூச்சுவிடக் காற்று இருக்காது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

சரி, அது எப்படி நம்ம தலைக்கு மேலே வருகிறது?

துருவத்திலிருந்து கிளம்பிய ஆக்சிஜன் அயனிகள் எல்லாமே திரும்பி வராமல் போய்விடுவதில்லை. ஒரு பகுதி, பூமியின் இரவுப் பக்கம் வால்போல் நீளும் காந்த மண்டலத்தில் சிக்குகிறது. புயல் நேரத்தில் அங்கே முறுக்கேறிய ஆற்றல் விடுபடும்போது, இந்த அயனிகள் பல்லாயிரம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பூமியை நோக்கித் தள்ளப்படுகின்றன. பூமியை நெருங்கியதும் காந்தப்புலம் அவற்றை வளைத்து, பூமத்திய ரேகைக்கு மேலே சுற்றவைக்கிறது. பூமியின் ஆரத்தைப்போல 3 முதல் 5 மடங்கு தூரத்தில், மேற்கு நோக்கி ஓடும் ஒரு பிரம்மாண்ட மின்சார வளையம். பெரிய புயல்களில் இந்த வளையத்தின் ஆற்றலில் கணிசமான பங்கு, சில சமயம் பாதிக்கும் மேல், ஆக்சிஜன் அயனிகளுடையது. துருவத்து ஆக்சிஜன் அதிகமாகச் சேரச் சேர வளையம் பலமாகும்.

இந்த வளையம் பூமியின் காந்தப்புலத்தை எதிர்க்கும். அதனால் தாழ் அட்சரேகையில் உள்ள காந்தமானிகளில் அளவு சட்டென்று சரியும். உலகத்தில் பதிவான மிகப் புகழ்பெற்ற சரிவு நம்ம மும்பையில் பதிவானது. 1859 செப்டம்பரில் கேரிங்டன் புயலின்போது கொலாபா ஆய்வகத்தின் கருவி சுமார் 1,600 நானோடெஸ்லா இறக்கத்தைக் காட்டியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேரை 9 மணி நேரம் இருட்டில் தள்ளிய 1989 மார்ச் புயலின் அளவு 589. இன்றைக்கு திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இந்த வேலையைப் பார்க்கிறது. இடுக்கிக்கு அடுத்த மலையில், 1899 முதல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொடைக்கானல் ஆய்வகத்துக்கும் அயனி மண்டல ஆய்வில் நீண்ட வரலாறு உண்டு.

2024 மே 10, 11 தேதிகளில் இதெல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இருபது வருடங்களில் மிகப் பெரிய காந்தப் புயல், சரிவு 400 நானோடெஸ்லா வாக்கில். அந்த இரவு லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்தது. இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பகிர்ந்தோமே, அதேதான். மின்வளையத்தின் வெப்பம் காந்தக் கோடுகள் வழியே இறங்கி, மேலடுக்கு ஆக்சிஜன் அணுக்களை ஒளிரவைத்த சிவப்பு அது.

அந்த நாளில் ரோவர்கள் என்ன ஆயின?

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் அது விதைப்புக் காலம். அங்கே டிராக்டர்கள் நம்ம நில அளவை ரோவர் பயன்படுத்தும் அதே ஆர்டிகே முறையில்தான் நேர்கோட்டில் ஓடுகின்றன. புயலில் திருத்தங்கள் தாறுமாறாகி, பலர் விதைப்பையே நிறுத்திவைத்தார்கள். அந்த நேரத்தில் விதைத்த வரிசைகள் கோணலாக இருக்கலாம், பிறகு அதே பாதையில் டிராக்டரை ஓட்ட முடியாமல் போகலாம் என்று டிராக்டர் டீலர்கள் எச்சரிக்கை அனுப்பினார்கள். ஸ்டேஷனும் ரோவரும் ஒரே அயனி மண்டலத்தைப் பார்க்கின்றன என்ற நம்பிக்கை உடைந்தால் நடப்பது இதுதான்.

இந்தியா பெருமளவு தப்பியது. புயலின் முக்கிய அடி இறங்கியபோது இங்கே மே 11 விடியற்காலை. சூரியன் எழாததால் அயனி மண்டலம் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. ஆனாலும் தும்பாவுக்கு மேலே அன்று காலை டெக் அளவு 50 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக இஸ்ரோ தெரிவித்தது. அதே அடி நண்பகலிலோ மாலையிலோ விழுந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அப்படியானால் எல்லையில் தப்பாக அளந்ததாகச் சொல்லப்படும் நிலமெல்லாம் அயனி மண்டலத்தின் வேலையா? அப்படிச் சொல்வது அபத்தம். நல்ல ரோவர் தன் பிழையை மறைப்பதில்லை. துல்லியம் கிடைத்தால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று காட்டும், கிடைக்காவிட்டால் 'ஃப்ளோட்' என்று காட்டும். ஃப்ளோட்டில் இருக்கும்போது அளவை எடுக்கக்கூடாது என்பது தொழிலின் அடிப்படை விதி. ஏலக்காட்டின் நிழல் மரங்களுக்கு அடியில் வானமே தெரியாது என்பதால், அங்கே ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷனை வைத்துத்தான் அளக்க முடியும். எல்லைத் தகராறு பெரும்பாலும் பழைய வரைபடத்தையும் பட்டாவையும் பற்றியது. செயற்கைக்கோள் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லும். அது யாருடைய புள்ளி என்று சொல்லாது.

ஆனால் அளவைக்குப் போகிறவர்களும், உங்கள் நிலத்தில் ரோவர் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நம்ம பகுதிக்குப் புயலே தேவையில்லை, சாதாரண நாளிலேயே அயனி மண்டலம் சேட்டை செய்யும். காந்த நடுக்கோட்டில் பகலில் அயனிகள் மின்புலத்தால் மேலே தூக்கப்பட்டு, காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. இதுவும் ஒரு நீரூற்றுதான், துருவத்தில் இருப்பது வெளியே பீய்ச்சுகிறது, இது உள்ளுக்குள்ளேயே விழுகிறது. அதனால் மத்திய இந்தியாவுக்கு மேலே குவியலும், தென்கோடியில் பள்ளமும் உருவாகும். கேரளாவும் கொங்கு மண்டலமும் இந்தச் சரிவின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. சூரியன் மறைந்த பிறகு, முக்கியமாக மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாலைகளில், அயனி மண்டலத்தின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி சிக்னலைச் சிமிட்டவைக்கும். இரவு 8 மணி வாக்கில் ரோவர் ஃபிக்ஸ் கொடுக்க மறுத்தால் மெஷின் ரிப்பேர் என்று நினைக்க வேண்டியதில்லை. காலையில் அளந்தால் போதும். பகலிலும் சந்தேகம் என்றால், சில மணி நேரம் கழித்து அதே புள்ளியை மறுபடி அளந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

விமானங்களுக்கான இந்தியாவின் ககன் அமைப்பு, அமெரிக்க மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்தியாவுக்கென்று தனி அயனி மண்டலக் கணித மாதிரியை உருவாக்கியதற்கும் இந்தச் சரிவும் குமிழிகளும்தான் காரணம். ஆனால் அந்த மாதிரிகள் பெரும்பாலும் தரையிலிருந்து எலெக்ட்ரானை எண்ணித்தான் கணிக்கின்றன. மேலே எந்த அயனி இருக்கிறது, புயலில் துருவத்திலிருந்து என்ன கிளம்பியது, அது எவ்வளவு நேரத்தில் இங்கே எதிரொலிக்கும் என்பதை நேரில் பார்க்க, இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கண் வேண்டும். திசா என்ற பெயரில் இந்திய விஞ்ஞானிகள் முன்வைத்திருக்கும் திட்டம் அதைத்தான் கேட்கிறது. ஜோடிச் செயற்கைக்கோள்கள், ஒன்று துருவத்தை ஒட்டிய பாதையில், இன்னொன்று தாழ் அட்சரேகைப் பாதையில். ஸ்ராஸ்-சி2 பார்க்க முடியாமல் போன பாதியை முதலாவது பார்க்கும்.